கொல்லையில் நிற்கும் மரம் யாருடையது?

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டின் பின்புறம் புதிதாக ஓர் அறை கட்டப்போவதாக அண்ணன் சொன்னார். அதற்கு இடைஞ்சலாகக் கொல்லையின் வடமூலையில் நிற்கும் மூன்று மரங்களை எடுத்துவிட வேண்டும். ஒரு வேம்பு, ஒரு பனை, ஒரு சந்தனம். எங்கள் ஊர் திருப்பத்தூரை அடுத்து, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சந்தனம் அங்கே அதிசயமான மரம் அல்ல. பறவைகள் விதையைக் கொண்டுவந்து போடும். வேலியோரத்தில் தானாகவே முளைக்கும்.

மறுநாள் காலையில் மரம் அறுப்பவர் வந்தார். வேம்பைச் சுற்றி வந்து விலை சொன்னார். சந்தனத்தின் அருகே போனவர் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இதுல நான் கை வைக்கமாட்டேன் சார். பனைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் செய்யணும். போய் எழுதி வாங்கிக்கிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். அவர் போன பிறகு அண்ணனுக்குக் கோபம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. "நம்ம நிலம், நம்ம பட்டா, நாம தண்ணி ஊத்தின மரம். இதுக்கு யாரைப் போய்க் கேக்கறது?"

அண்ணனின் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு விடை தேடத் தொடங்கியபோதுதான், மரத்தின் உரிமை பற்றிய இக்கேள்வி நம் மண்ணில் எவ்வளவு பழமையானது என்பதும், இன்று நாம் அலுவலகங்களில் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்துக்குப் பின்னால் எத்தனை அரசர்களின் நிழல் விழுந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரிய வந்தன. அவற்றை இங்கே பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

*

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குக் காவல் மரம் புதிதல்ல. கடிமரம் என்றும் அதைச் சொல்வர். ஒவ்வொரு வேந்தனுக்கும் குறுநில மன்னனுக்கும் ஒரு மரம் உண்டு. அதை வேற்றரசர் தீண்டுவது போருக்கு அறைகூவல். பழையன் என்பவனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. வெட்டிய காவல் மரத்திலிருந்து வென்றவன் தனக்கு முரசு செய்துகொள்வதும் உண்டு. தோற்றவனின் மரம் வென்றவனின் வாசலில் ஒலிக்கும்.

இவற்றுள் என்னை எப்போதும் தொந்தரவு செய்வது நன்னனின் மாமரம். குறுந்தொகையில் பரணர் பாடிய 292ஆம் பாட்டில் அக்கதை வருகிறது. நீராடப் போன ஒரு பெண், ஆற்றில் மிதந்து வந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். அவளை மீட்க எண்பத்தொரு களிறுகளையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தருவதாக அவள் தரப்பினர் சொல்லியும் நன்னன் ஏற்கவில்லை, அவளைக் கொன்றான். பிறகு கோசர் சூழ்ச்சியால் அந்த மாமரத்தையே வெட்டி வீழ்த்தினர் என்பது அதே தொகையின் 73ஆம் பாட்டால் தெரிகிறது.

இக்கதையைப் பெண்கொலையின் கொடுமையாகவே நாம் வகுப்பில் நடத்துகிறோம். அது சரிதான். ஆனால் அதைச் சட்ட வரலாறாகவும் படிக்கலாம். நன்னன் காத்தது மரத்தை அல்ல, மரத்தின் மீது தனக்கிருந்த உரிமையை. மாங்காயை உதிர்த்ததும் ஆற்றில் விட்டதும் மரமே. மரத்துக்கு இழப்பு ஏதுமில்லை. அரசுரிமைக்கே இழுக்கு நேர்ந்தது. கோசர் வெட்டியதும் மரத்தின் மீது பகை கொண்டு அன்று. மரம் அரசனுடையதாக இருந்ததே அதன் உயிருக்கு உலையாயிற்று.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு காவல் இருக்கிறது. நற்றிணை 172இல் தோழி ஒரு புன்னை மரத்தைக் காட்டி, அதனடியில் தலைவனோடு சிரித்துப் பேச நாணுவதாகச் சொல்கிறாள். சிறுமிகளாக விளையாடும்போது மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கப்பட்ட மரம் அது. இது உனக்குத் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். தங்கையின் முன்னால் எப்படிக் காதல் பேசுவது? அதே நற்றிணையின் 226ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், மருந்து மரமேயானாலும் அது செத்துப்போகும் அளவுக்கு மாந்தர் மருந்து கொள்வதில்லை என்பதை உலகறிந்த வழக்கமாகச் சொல்லிச் செல்கிறார். இங்கே வேந்தனும் இல்லை, தண்டமும் இல்லை. கோயில் காடுகளும் தல விருட்சங்களும் பல தலைமுறை நின்றது இந்த இரண்டாவது வகைக் காவலால்தான்.

ஒன்று உடைமையின் காவல். மற்றது உறவின் காவல். மர உரிமையின் பிந்தைய வரலாறு முழுவதையும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறி என்று சொல்லிவிடலாம்.

*

நிலம் ஒருவனுடையது என்றால் அதில் நிற்கும் மரமும் அவனுடையதே என்பது நமக்கு இயல்பான எண்ணம். பழைய ஆவணங்கள் அப்படி எண்ணவில்லை. ஊரைத் தானமாகக் கொடுக்கும் சோழர் காலச் செப்பேடுகள், நிலத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. மேல்நோக்கி வளர்ந்த மரமும் கீழ்நோக்கித் தோண்டிய கிணறும் உட்பட என்று விரித்துரைக்கின்றன. தென்னையிலும் பனையிலும் கள் இறக்குவோர் ஏறக்கூடாது என்பது போன்ற விதிகளையும் சேர்க்கின்றன. தனியே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றாலே, சொல்லாவிட்டால் அது கொடுத்ததாக ஆகாது என்றுதானே பொருள்? எங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஜலம், தரு, பாஷாணம் என்று நீரையும் மரத்தையும் கல்லையும் தனித்தனியே எண்ணி, மாவடை மரவடை உள்பட என்று முடித்திருந்தார் பத்திர எழுத்தர். செப்பேட்டின் மொழி முத்திரைத்தாளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

வடக்கே அர்த்தசாஸ்திரம் ஒரு கட்டண அட்டவணையே போடுகிறது. நகரப் பூங்காவின் பூமரம், பழமரம், நிழல்மரம் ஆகியவற்றின் தளிரை ஒடித்தால் 6 பணம், சிறு கிளைக்கு 12, பெருங்கிளைக்கு 24 என்று தண்டம் ஏறிக்கொண்டே போகும். அடிமரத்தில் கை வைத்தால் இன்னும் கடுமை. எல்லையில் நிற்கும் மரம், வழிபடப்படும் மரம், காப்புக்காட்டு மரம் என்றால் இருமடங்கு. மரத்தின் வகை, அது நிற்கும் இடம், அதற்கு ஊரில் இருக்கும் மதிப்பு ஆகிய மூன்றையும் கேட்ட பிறகே தண்டம் தீர்மானமாகிறது. இன்றைய சட்டம் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான்.

*

1792இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அரச மரம் என்று எழுதினால் நமக்கு வேறு மரம் நினைவுக்கு வரும் என்பதால் ராஜ விருட்சம் என்றே சொல்கிறேன். யாருடைய நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசனுடையது. திப்புவுக்குப் பின் வந்த உடையார்களும் இவ்வுரிமையைக் கைவிடவில்லை. திருவிதாங்கூரிலும் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை இவ்வாறே அரசுக்கு ஒதுக்கப்பட்டன.

கிழக்கிந்தியக் கம்பெனி இப்பாடத்தை விரைவாகக் கற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் போதவில்லை. மலபார் தேக்கின் மீது கண் விழுந்தது. 1806இல் காப்டன் வாட்சன் என்பவர் அங்கே காடுகளின் காவலராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு தேக்கின் மீதான உரிமை கம்பெனியுடையது என்று பிரகடனம் வெளியாயிற்று. நில உடைமையாளர்கள் தம் தோட்டத்துத் தேக்கைத் தாமே வெட்ட முடியாது போயிற்று. குடிகளிடமும் வணிகர்களிடமும் கசப்பு முற்றிய நிலையில், சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823இல் அப்பதவியையே ஒழித்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அண்ணனின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் கட்டு அவிழ்ந்த பின்னும் வெட்டு நிற்கவில்லை; வணிகர்களின் கோடரிக்கு இப்போது தடையும் இல்லை. மலபாரின் தேக்கு அருகிவந்த நிலையில், 1840களில் மாவட்ட ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டியிருந்தது. அரசின் ஏகபோகம் மரத்தின் மீது மனிதனுக்கிருந்த பற்றை அறுத்தது. கட்டற்ற உடைமையோ மரத்தையே அறுத்தது. அடுத்த தலைமுறையில் வந்த 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்த இரண்டு அனுபவங்களுக்கும் பிறகு எழுதப்பட்டது. திருத்தங்களோடு அதுவே தமிழ்நாடு வனச் சட்டமாக நீடிக்கிறது.

ராஜ விருட்சம் என்ற ஏற்பாடு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. எங்கள் அப்பா ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கொல்லையைச் சுற்றி வருவார். சந்தனக் கன்று தலை காட்டியிருந்தால் வேரோடு பிடுங்கிப் போடுவார். "இது வளந்தா நமக்கு ஆகாது. திருடன் வருவான். திருடன் போனா ஃபாரஸ்ட்காரன் வருவான்" என்பார். மரங்களை நேசிக்காதவர் அல்லர் அவர். நாங்கள் சாப்பிட்டுத் துப்பிய மாங்கொட்டையைக்கூடத் தேடி எடுத்து நட்டவர். ஆனால் தனதாகாத மரத்துக்குக் காவல் நிற்கும் சுமையை அவர் ஏற்கத் தயாராக இல்லை. மைசூர்ப் பகுதி உழவர்களும் இதையே செய்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வடமூலையில் நிற்கும் சந்தனம், வேம்பின் மறைவில் முளைத்ததால் அப்பாவின் கண்ணுக்குத் தப்பியது. பிற செடிகளின் வேர்களைப் பற்றி உணவெடுக்கும் மரம் அது. வேம்பின் நிழல் மட்டுமல்ல, வேரும் அதற்கு உதவியிருக்கும். அவர் கண்டபோது அது ஆளுயரம் வளர்ந்துவிட்டது. ஏனோ விட்டுவிட்டார்.

இந்தத் தவறை அரசுகளே இறுதியில் உணர்ந்தன. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் தத்தம் வனச் சட்டங்களைத் திருத்தி, சொந்த நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரருக்கே உரியது என்று ஒப்புக்கொண்டன. பட்டா நிலச் சந்தனத்துக்கென்று தமிழ்நாட்டில் 2008இல் விதிகள் வந்தன. உரிமை வந்ததே தவிர, வனத்துறையைக் கேட்காமல் வெட்டும் சுதந்திரம் வரவில்லை. திப்புவின் அறிவிப்பிலிருந்து கணக்கிட்டால் மரம் நிலத்துக்காரரிடம் திரும்பி வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

*

மரம் அறுப்பவர் சொன்னபடியே நாங்கள் கேட்கப் போனோம். போன இடங்களில் தெரிந்துகொண்டவற்றையும் பின்னர் படித்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வெட்டும் முன் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து என்று தோன்றுகிறது.

முதலாவது, மரம் நிற்கும் மண் யாருடையது என்பது. வேலிக்கு உள்ளே இருப்பதெல்லாம் நம்முடையது என்று எண்ணிவிடுகிறோம். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தை விரித்து எங்கள் வேம்பு எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறது என்று உறுதி செய்த பிறகே மேலே பேசினார். புறம்போக்கு மண்ணில் நிற்கும் மரத்தின் பலனை ஒரு குடும்பம் அனுபவிக்க 2சி பட்டா என்ற மரப் பட்டா உண்டு. அது காயைத் தரும், மண்ணைத் தராது, கேட்காமல் வெட்டவும் விடாது. மரவடை என்ற பழஞ்சொல் இன்றும் உயிரோடு இருப்பது இந்தப் பட்டாவில்தான்.

இரண்டாவது, மரம் என்ன இனம் என்பது. சந்தனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஈட்டி மரத்துக்கென்று 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. காலவரம்போடு வந்த அச்சட்டம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மாநில மரம் என்று பெயர் பெற்று நெடுங்காலத்துக்குப் பிறகு பனைக்குக் கிடைத்த முதல் கவசம் அது. வெட்டுவது வேறு, வெட்டியதைச் சாலையில் ஏற்றிக் கொண்டுபோவது வேறு என்பதையும் மறக்கக்கூடாது. சில இன மரங்களுக்கு 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி அனுமதிச் சீட்டு வேண்டும்.

மூன்றாவது, மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். அங்கே சொந்தத் தோட்டத்து மரமானாலும் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட காலத்தில் தனியார் காடுகள் அழியாமல் காக்க 1949இல் ஒரு சட்டம் வந்தது. அது சாரும் நிலங்களிலும் அப்படியே.

நான்காவது, வெட்ட நினைப்பவர் யார் என்பது. குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி உடைமையாளரின் ஒப்புதலின்றி மரத்தை வெட்ட அவருக்கு உரிமை இல்லை. ஐந்தாவது, மரத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதன் பட்டியலில் உள்ள பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சிதைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குப் புன்னையைத் தங்கை என்ற அந்தத் தாய் நினைவுக்கு வந்தாள். உறவின் காவல், சட்டத்தின் வறண்ட நடைக்குள் எங்கோ ஒரு வாக்கியத்தில் நுழைந்துவிட்டிருக்கிறது.

கேட்காமல் வெட்டுவதன் விளைவுக்கு அண்டை மாநிலத்தில் அண்மை உதாரணம் உண்டு. 2020 அக்டோபரில் கேரள அரசு, உழவர்களுக்கு ஒதுக்கித் தரப்பட்ட நிலங்களில் சந்தனம் நீங்கலான மரங்களை வெட்டலாம் என்ற பொருளில் ஓர் ஆணையிட்டது. அதை நம்பி வயநாட்டின் முட்டிலில் முதுபெரும் ஈட்டி மரங்கள் சாய்க்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது; நிலத்துக்காரர்களும் வழக்குகளைச் சந்திக்க நேர்ந்தது. ராஜ விருட்சம் என்ற சொல் வழக்கொழிந்துவிட்டாலும் அதன் வேர் மண்ணில் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

*

வனச்சரக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். சில நாள் கழித்து வந்த அலுவலர் சந்தனத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் நாடா வைத்து அளந்து எழுதிக்கொண்டார். அண்ணன் அடக்கிவைத்திருந்த கேள்வியை அவரிடம் கேட்டேவிட்டார்: "இது எங்க மரமா சார், அரசாங்கத்து மரமா?"

"மரம் உங்களுதுதாங்க. எடுக்கறதுதான் எங்க வேலை. சந்தனத்தை வெட்டக்கூடாது, வேரோட தோண்டணும். வேர்லயும் வாசம் இருக்கில்ல?" என்றார் அவர்.

அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. இரண்டாயிரம் ஆண்டு வழக்குக்கு இவ்வளவு எளிமையாக ஒரு சமரசத் தீர்ப்பு கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. உடைமை உன்னுடையது, ஆனால் உன் கோபத்துக்கும் அவசரத்துக்கும் நடுவே இன்னொருவர் நின்று ஒருமுறை கேட்பார். சட்டம் இதைவிட அதிகமாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. நன்னனைப் போல மரத்தின் பெயரால் மனிதரை அச்சுறுத்தினால், மனிதர் கன்றிலேயே பிடுங்கிவிடுவார்கள். எதையும் கேட்காமல் விட்டுவிட்டால் நிலம்பூரில் போல மறுபடியும் விதையிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அனுமதி இன்னும் வரவில்லை. காத்திருந்த நாட்களில் அண்ணன் கொத்தனாரை அழைத்து, அறையைத் தெற்கே தள்ளிப்போட்டால் என்ன செலவாகும் என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகுமாம். யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் ஊரிலிருந்து கிளம்பும் அன்று காலையில் கிணற்றுமேட்டின் ஓரமாக ஒரு சந்தனக் கன்று முளைத்திருப்பதை அண்ணி காட்டினார். நான்கைந்து இலைதான். அப்பா இருந்திருந்தால் குனிந்திருப்பார். அண்ணனும் குனிந்தார். அதைச் சுற்றி நான்கு செங்கற்களை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.